இருபத்து நாலாவது தடவை

பஸ் போய்விட்டதா என்று கேட்டால், போய்விட்டது என்று அவர் சொல்ல மாட்டார். "ஒரு வண்டி போற சத்தம் கேட்டுச்சும்மா. பஸ்ஸான்னு நான் பாக்கல" என்பார். கேட்டவர் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வெளியே மழையா என்று கேட்டாலும் அப்படித்தான். எழுந்து போய்க் கதவைத் திறந்து, கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் பதில் வரும். என் வீட்டுக்காரருக்கு இதில் ஒரு விளையாட்டு. "பாய், இன்னிக்கு இன்னா கெழம?" என்று வேண்டுமென்றே கேட்பார். "காலண்டர்ல வியாழன்னு போட்டிருக்கு" என்று அவரும் சிரிக்காமல் சொல்வார்.

காவலூரில் எங்கள் வீட்டை ஒட்டிய தனி அறையில் அவர் நாலு வருஷம் குடியிருந்தார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று மனசு சொல்லுகிறது. கேட்கலாம் என்றால் அவர் காலி செய்துகொண்டு போன பிறகு அவருடைய பழைய போன் நம்பரும் வேலை செய்யவில்லை. ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிட்டது. ஐம்பத்தைந்து வயசு இருக்கும். சொந்த ஊர் வாணியம்பாடி. மனைவி தவறிப் பல வருஷம். பிள்ளைகள் இல்லை. பெங்களூரில் லேப்டாப் ரிப்பேர் செய்யும் இடத்தில் ரொம்ப காலம் இருந்துவிட்டு, பிறகு இங்கே மலைக்கு வந்துவிட்டார். ஆலங்காயம், திருப்பத்தூர் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் கெட்டுப்போன லேப்டாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேடி வருவார்கள்.

அந்த அறையில் ஒரு மேஜை, ஒரு யுபிஎஸ், தொழுகை விரிப்பு, ஒரு பெரிய நோட்டு. அவ்வளவுதான் சாமான். ஒரு பெட்டியில் எதை மாற்றினாலும் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் மாற்றுவார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவார். இரண்டை ஒன்றாக மாற்றி, பெட்டி சரியாகிவிட்டால், எதனால் சரியாயிற்று என்று தெரியாது அல்லவா. எதனால் என்று தெரியாமல் சரியான பெட்டியை அவர் சரியான பெட்டியாகவே வைத்துக்கொள்ள மாட்டார். கடவுள் புண்ணியத்தில் சரியாயிற்றே, எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்பேன். "அவன் குடுத்ததுதாம்மா. ஆனா எந்த வழியா குடுத்தான்னு பாக்கணும்ல" என்பார்.

ஜமுனாமரத்தூர் ரோட்டில் மலைப் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு விடுதி. யாரோ புண்ணியவான் அங்கே இருபது பழைய லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தார். எல்லாம் ஒரே மாடல். காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அந்த லினக்ஸைப் புதுசுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து மூடி வைத்துத் திறந்தால் சில நேரம் திரை எழுந்திருப்பதில்லை. கறுப்பாகவே நிற்கும். பட்டனை அழுத்திக் கொன்று, மறுபடி உயிர் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் எழுதி வைத்ததெல்லாம் போய்விடும்.

நான் பத்தாவதோடு நின்றவள். எனக்குப் புரியும்படி அவர்தான் சொன்னார். சுவிட்சைப் போட்டதும் பெட்டிக்குள் முதலில் கண் விழிப்பது ஃபர்ம்வேராம். அது கம்பெனிக்காரன் உள்ளே வைத்து அனுப்பியது. பின்னால் லினக்ஸோடு வருகிற கர்னல்தான் குடும்பத்தை நடத்துகிற ஆள். திரை இங்கே இருக்கிறது, பேட்டரி இங்கே இருக்கிறது, இதை இப்படி எழுப்பு என்று ஃபர்ம்வேர் ஒரு லிஸ்ட் எடுத்து அதன் கையில் கொடுக்கும்.

"பழைய கர்னல் அந்த லிஸ்ட்ட முழுசா படிக்காது. குத்துமதிப்பா ஓட்டிக்கும். புதுசு ஒவ்வொரு வரியா நம்பிப் படிக்குது. லிஸ்ட்ல ஒரு வரி தப்பு."

அப்படியானால் லிஸ்ட் எழுதினவனிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். சொல்லிவிட்டாராம். அந்த மாடல் பழசாகிவிட்டது, இனிமேல் திருத்தி அனுப்ப மாட்டோம் என்று பதில் வந்ததாம். ஆகவே கர்னலுக்குத்தான் புத்தி சொல்ல வேண்டும். இந்த மாடலாக இருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பாதே என்று. கர்னலைப் பார்த்துக்கொள்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். நாம் எழுதி அனுப்பினால், சரியாக இருந்தால், சேர்த்துக்கொள்வார்கள். காவலூரிலிருந்து ஒரு வரி போய் உலகத்துக்கே பொதுவாக நிற்கும் என்றார். அதைச் சொன்னபோது மட்டும் அவர் குரல் கொஞ்சம் மாறியது.

சோதித்துப் பார்க்க ஒரு பெட்டியை அவரிடம் விட்டுவிட்டு, விடுதி வார்டன் அம்மா வாரத்துக்கு இரண்டு தடவை வந்து நிற்பார். பரீட்சை வருகிறது என்பார்.

"ரெடி ஆச்சா பாய்?"

"இதுவரைக்கும் அறுபத்திரண்டு தடவ மூடித் தொறந்தேன். அறுபத்தொரு தடவ எழுந்துச்சுங்க."

"ரெடியா, இல்லயா? ஒரே வார்த்தையா சொல்லுங்க."

"ஒரே வார்த்தைன்னா, இல்லிங்க."

வார்டன் அம்மா என்னைப் பார்ப்பார். நான் தரையைப் பார்ப்பேன். நூறு தடவை மூடித் திறந்து, நூறு தடவையும் எழுந்திருக்க வேண்டும். அதுதான் அவர் கணக்கு.

இந்தக் குணத்தால் அவர் இழந்ததை ஒருநாள் அவரே சொன்னார். வெள்ளிக்கிழமைதோறும் காலை பஸ்ஸில் வாணியம்பாடி போய் ஜும்மா தொழுதுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பி வருவார். ஆலங்காயத்திலேயே பள்ளிவாசல் இருக்கிறதே, ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டேன். அவருடைய அண்ணன் தொழுகிற பள்ளிவாசல் அதுதானாம். அண்ணன் அவரோடு பேசி ஏழெட்டு வருஷம் ஆகிறதாம். வீட்டுப் பாகப் பிரிவினையில் பெரியவர்கள் முன்னால் இவரை நிறுத்தியிருக்கிறார்கள். வீடு பெரியவனுக்குத்தான் என்று அப்பா சாகும் முன்னால் வாய்விட்டுச் சொன்னார், நீயும் கேட்டாய் அல்லவா என்று கேட்டிருக்கிறார்கள்.

"நான் அன்னிக்கு ஊர்லயே இல்லம்மா. பெங்களூர்ல இருந்தேன். கேக்கலன்னு சொன்னேன்."

"கேட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா பாய்? கூடப் பொறந்தவருதானே."

"அண்ணன் சொல்றது நெசமாத்தான் இருக்கும். அவரு பொய் சொல்ற ஆளு இல்ல. வூட்ட அவருக்கே எழுதிக் குடுத்துட்டேன். ஆனா நான் கேக்கலயே."

வீடு கிடைத்தும் அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. தம்பி தன்னைப் பத்துப் பேர் முன்னால் பொய்யனாக்கிவிட்டான் என்று வாசலை அடைத்துவிட்டார். ஆனால் தொழுகையில் தள்ளி நிற்க முடியாது. தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்க வேண்டும். இவர் சீக்கிரமே போய் அண்ணன் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்வார். வாரத்துக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் இரண்டு பேருக்கும் உறவு. "பேச மாட்டாரு. ஆனா தோளு படும்ல" என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல உள்ளே போய்விட்டேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் அந்தப் பெட்டியை என்னிடம் விட்டுப் போனார். கர்னலுக்குள் தன் வரியைச் சேர்த்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணி, அந்த வாரம் முழுக்க மூடித் திறந்ததில் எழுபத்தாறு தடவை ஆகியிருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. இன்னும் இருபத்து நாலு பாக்கி. வார்டன் அம்மா சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அரை மணிக்கு ஒரு தடவை மூடு, திற, எழுந்தால் டிக், எழாவிட்டால் பெருக்கல் குறி என்று நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தார். என் கண்ணை நம்பித் தன் நோட்டைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பெட்டியை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சார்ஜரோடு வைத்தேன்.

காலை ஏழு மணியிலிருந்து தவறாமல் செய்தேன். சாம்பார் கொதிக்கும்போதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திறந்தேன். இருபத்து மூன்று தடவை டிக் போட்டேன். கடைசித் தடவைக்கு மூடி வைத்துவிட்டு விளக்கேற்ற உட்கார்ந்தேன். கற்பூரம் காட்டும்போது கரண்ட் போயிற்று. இங்கே அது வாடிக்கைதான். விளக்கு வெளிச்சத்திலேயே பெட்டியைத் திறந்தேன். எழுந்திருக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. விளக்கு வைத்த நேரத்தில் இல்லை, போச்சு, எழவில்லை என்ற வார்த்தைகள் வாயில் வரக் கூடாது. அரிசி தீர்ந்திருந்தால் நிறைஞ்சிருக்கு என்போம். விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம். அதிலும் அன்று வெள்ளிக்கிழமை, அம்மன் முகத்துக்கு நேரே, குங்குமம் ஒட்டிய விரலால் ஒரு மனுஷருடைய காரியத்தில் பெருக்கல் குறி போடுவதா? என் மனசு ஒப்பவில்லை. தொண்ணூற்றொன்பது தடவை எழுந்தது, ஒன்றுக்கு என்ன என்று நினைத்தேன். பட்டனை அழுத்திப் பிடித்தேன். பெட்டி செத்து, மறுபடி உயிர் வந்தது. டிக் போட்டேன். நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டு நெற்றியில் குங்குமம் இட்டுக்கொண்டேன்.

பஸ் இறங்கி வந்து அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழே விரல் வைத்து எண்ணினார். "நூறு" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் விடுதிப் பெட்டிகளுக்கு அதையே போட்டுக் கொடுத்தார். கர்னலைப் பார்த்துக்கொள்கிற தூரத்து ஆட்களுக்கும் கடிதம் எழுதினார். யார் சோதித்துப் பார்த்தது என்று அதில் ஒரு வரி போடுவார்களாம். தன் பெயருக்குக் கீழே என் பெயரையும் போட்டதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை பார்த்தது நான் அல்லவா. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். பக்கத்து வீட்டிலும் சொன்னேன். கொஞ்ச நாளில் அவர் வரியைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று பதில் வந்தது. அன்று அவர் எங்கள் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கி வந்தார்.

ஒரு மாதம் கழித்து எந்த நாட்டிலிருந்தோ ஒருவர் எழுதினார். அதே மாடல், அதே வரி போட்ட கர்னல், ஆனாலும் சில நேரம் எழுந்திருப்பதில்லை என்று. விடுதியிலிருந்தும் அதே புகார் வந்தது. பாய் மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மூடினார், திறந்தார், எழுதினார். அவர் அறையில் அது ஒவ்வொரு தடவையும் எழுந்தது. நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒருநாள் மத்தியானம் வாசலில் வந்து நின்று கேட்டார்.

"அன்னிக்கு வெள்ளிக்கெழம, இருபத்தி நாலும் எழுந்துச்சுல்லம்மா?"

அது விளக்கு வைக்கிற நேரம் இல்லை. கையில் குங்குமமும் இல்லை. "எழுந்துச்சு பாய்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். என் வார்த்தையை நம்பிவிட்டு, தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார். அந்த வெள்ளிக்கிழமை அவர் ஊருக்குப் போகவில்லை. விடுதிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது, ஒருநாள்கூட விட முடியாது என்றார். பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்களேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வெள்ளியும் போகவில்லை.

மூன்றாவது வெள்ளி மத்தியானம், துணி எடுக்கப் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேற்கே பார்த்து விரிப்பைப் போட்டுத் தனியாகத் தொழுதுகொண்டிருந்தார். விரிப்பின் நடுவில் நிற்கவில்லை. ஓரத்தில் நின்றார். வலது தோள் பக்கம் இன்னொரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

துணியை அப்படியே போட்டுவிட்டு, அவர் முடிக்கும் வரை வாசலில் நின்றேன். அம்மா தாயே, நீயே வார்த்தை கொடு என்று வேண்டிக்கொண்டேன்.

"பாய், அன்னிக்கு கடைசித் தடவ அது எழுந்திருக்கல. நான்தான் பட்டன அழுத்தி எழுப்பிட்டு டிக் போட்டேன். வெளக்கு வெச்ச நேரத்துல பெருக்கல் போட மனசு வரல. அப்புறம் நீங்க கேட்டப்பவும் பொய் சொல்லிட்டேன்."

அவர் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

"அப்ப கரண்ட் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல பாய். மூடி வெச்சிருக்கும்போதே போயிடுச்சு."

நேரே மேஜைக்குப் போனார். பெட்டியை மூடினார். அது தூங்கிய பிறகு சார்ஜரைப் பிடுங்கினார். கொஞ்சம் பொறுத்துத் திறந்தார். கறுப்பு. பட்டனை அழுத்தி எழுப்பி மறுபடி அப்படியே செய்தார். கறுப்பு. மூன்றாம் தடவையும் கறுப்பு. அவர் அறையில்தான் யுபிஎஸ் இருக்கிறதே. அங்கே கரண்ட் போனால் பெட்டிக்குத் தெரியவே தெரியாது. என் வீட்டில், அந்த ஒரு தடவைதான், தூங்குகிறபோது கரண்ட் போயிருக்கிறது.

"இதாம்மா. தூங்கும்போது சார்ஜர் இருந்துச்சு. எழும்போது இல்ல. லிஸ்ட்ல அதுக்கும் ஒரு வரி தப்பா இருக்கு" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. வைத்தியருக்கு நோய் பிடிபட்ட மாதிரி. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"என்னத் திட்டிடுங்க பாய்."

"நீங்க எழுதுனது பொய்தான். அதுல பாதி என்னோடது. நான் அன்னிக்கு அங்க இல்ல. இருந்த மாதிரி நூறுன்னு எழுதி அனுப்பினேன்."

அன்றே மறுபடி கடிதம் எழுத உட்கார்ந்தார். முன்பு அனுப்பியதில் இருக்கும் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். ஒருதடவை உள்ளே போனதை யாராலும் எடுக்க முடியாதாம். அது அப்படியே இருக்குமாம். புதுக் கடிதத்திலும் இந்தக் குறையை முதலில் பார்த்தவர் என்று என் பெயரைத்தான் போட்டார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன்.

"பாத்தது நீங்கதானே. என் பேரப் போட்டா அது இன்னொரு பொய்யாயிடும்" என்றார்.

அடுத்த வியாழனுக்குள் இரண்டாவது வரியும் எழுதி முடித்துவிட்டார். இனி மறுபடி ஒன்றிலிருந்து நூறு. வெள்ளிக்கிழமை காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார். பழைய இடத்திலேயே வைத்துச் சார்ஜரைச் செருகி மூடினார். என் மனசு குளிர்ந்துபோயிற்று. நோட்டுக்காகக் கையை நீட்டினேன்.

"தொறக்க வேணாம்மா. உங்க வூட்டு கரண்ட்ல சும்மா தூங்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன்" என்றார். நோட்டு அவர் பையிலேயே இருந்தது.

பகல் முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூடின பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மூச்சு விடுவதுபோல எரிந்து மங்கியது. சமையலைக்கூடச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நாலு பத்துக்குக் கரண்ட் போயிற்று. ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தது. ஐந்தரைக்குப் போனது வரவே இல்லை. யாரும் கேட்கவில்லை என்றாலும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றையும் எழுதினேன். விளக்கு வைத்த பிறகும் எழுதினேன். போச்சு என்றே எழுதினேன்.

ஏழு மணி பஸ்ஸில் அவர் வந்தார். அண்ணனைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாத்தேன். மூணு வாரமா நான் போகலல்ல. பக்கத்துல இப்ப வேற ஒருத்தரு நிக்கிறாரு. நான் ரெண்டு வரிசை பின்னாடி நின்னேன்."

கையில் இருந்த தாளை நீட்டினேன். விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிதானமாகப் படித்தார்.

"நீங்களே பாத்து எழுதுனீங்களா?"

"எடத்த விட்டு எழுந்திருக்கல பாய்."

"சந்தோஷம்மா" என்றார். மனசாரத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிறகு பெட்டியைத் திறந்தார். திரை எழுந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தைத் திருப்பினார். ஒன்று என்று எழுதி, எதிரே ஒரு டிக் போட்டார். என் தாளை நாலாக மடித்தார். நோட்டுக்குள் வைப்பார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனார்.